அழைப்பிதழில் வயலினா, பிடிலா?

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இருக்கிறோம். மகளின் முதல் கச்சேரி. தமிழ், கன்னட அழைப்பிதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

கன்னடத்தில் ‘பிடீலு’ போட்டாயிற்று. வயலின் வித்வான் சௌடய்யாவையே பிடீலு சௌடய்யா என்று சொல்லும் ஊர் இது. தமிழில்தான் சிக்கல். ‘வயலின்’ என்று எழுதியிருந்தேன். தஞ்சாவூர்க்காரரான அப்பா பென்சிலால் அடித்து, மேலே ‘பிடில்’ என்று எழுதிவிட்டார். அவர் வளர்ந்த தெருவில் அதுதான் பேர். பிடில் என்றாலே ரோம் எரிந்தபோது வாசித்ததாகக் கதை சொல்லும் நீரோதான் நினைவுக்கு வருவான் என்கிறார் கணவர்.

அகராதியில் இரண்டுமே இருக்கின்றன. வாத்தியாரைக் கேட்டேன், எதுவானாலும் சரி என்றார். வேர் தேடினால், வயலின் இத்தாலியனில் ‘சின்ன வியோலா’, பிடில் ஆங்கில ஃபிடில். இந்தியில் பேலாவாம், வங்காளத்தில் பேஹாலா. தமிழுக்கு முடிவு கிடைக்கவில்லை.

அப்பாவின் சொல்லையே வைக்க ஆசை. இன்று அழைப்பிதழில் ‘பிடில்’ என்று பார்த்தால் உங்களுக்கு மரியாதையாகப் படுமா?