'இடைக்கால நாடாளுமன்றம்' வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

நண்பர்களே,

1950 ஜனவரி 26 முதல், 1952 தேர்தல் முடிந்து புதிய அவைகள் கூடும்வரை சட்டம் இயற்றிய அவையை ஆங்கிலத்தில் Provisional Parliament என்கிறார்கள். அதைத் தமிழில் சொல்ல 'இடைக்கால', 'தற்காலிக' என்று இரண்டு அடைமொழிகளைச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன.

'இடைக்கால' என்பதை 1946 செப்டம்பரில் நேரு தலைமையில் அமைந்த அரசுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். படிக்கிற மாணவர் இதையும் அதையும் குழப்பிக்கொள்வார். 'தற்காலிக' இன்னும் சிக்கல். அவைதான் தற்காலிகமே தவிர, அது செய்த வேலை அப்படியில்லை. 1950, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்கள் அங்கே நிறைவேறியவை, அவற்றின்படிதான் இன்றும் வாக்களிக்கிறோம். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை அரசின் வகுப்புவாரி அரசாணை செண்பகம் துரைராஜன் வழக்கில் அடிபட்டதும் கொண்டுவந்த முதல் அரசமைப்புத் திருத்தமும் அதே அவையுடையது.

அந்தத் திருத்தத்தை எதிர்த்த சங்கரி பிரசாத் வழக்கை (1951) இங்கே அவசியம் பார்க்க வேண்டும். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றத்துக்குத்தான், ஒரே அவையாக இருக்கும் இதற்கு அது கிடையாது என்று வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. புதிய அவைகள் வரும்வரை 379-ஆம் பிரிவு நாடாளுமன்றத்தின் அதிகாரங்களையெல்லாம் இதற்கே கொடுத்திருந்தது. ஆக, வேறொருவர் வரும்வரை இருக்கை இவருடையது, அதிகாரத்தில் குறைவில்லை என்ற பொருள் சொல்லில் வர வேண்டும்.

இதற்குத் தமிழில் தினமும் புழங்குகிற சொல் இருக்கிறதே! பொறுப்புத் தலைமை நீதிபதி, பொறுப்பு ஆளுநர் என்கிறோம். அவர் போடும் கையெழுத்து முழுக் கையெழுத்துதான். அதனால் 'பொறுப்பு நாடாளுமன்றம்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. இலங்கையில் இதே பொருளில் 'பதில் அமைச்சர்' என்பார்கள், ஆனால் 'பதில் நாடாளுமன்றம்' என்றால் இங்கே போட்டி அவை என்று படித்துவிடுவார்கள்.

ஒரு தடை இருக்கிறது. 'பொறுப்பாட்சி' என்று வேறொரு கருத்துக்கு (responsible government) முன்பே சொல் வைத்திருப்பதால், அவைக்குப் பதில் சொல்லும் அரசு என்ற நினைப்பு வரக்கூடும். அடுத்த வரியிலேயே 1950–52 என்று ஆண்டைப் போட்டால் தீருமா, அல்லது 'பொறுப்புநிலை நாடாளுமன்றம்' என்று நீட்ட வேண்டுமா? நீட்டாமல் விடவே எனக்கு விருப்பம், சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்.