2012 அக்ஸியோவுக்கு வீட்டில் வைத்துப் பாவிக்க எந்த ஸ்கானரை வாங்கலாம்?

கேள்வி (ஒட்டுசுட்டான்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2012ஆம் ஆண்டின் டொயோட்டா அக்ஸியோ, பெற்றோல் கார், ஒன்று உள்ளது. இரண்டு மாதங்களாகக் காலையில் ஸ்ரார்ட் செய்ததும் எஞ்சின் நடுங்குகிறது. செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது. கராஜ் ஒன்றில் ஸ்கானர் (காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டை வாசிக்கும் கருவி) போட்டுப் பார்த்து, பி0171 என்று குறியீடு வந்ததாகக் கூறி, புகைக் குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சரை மாற்றினார்கள். பத்தாம் நாள் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டிருந்தாலும், இன்றைய விலையில் இன்னொரு கார் வாங்குவது எங்கள் குடும்பத்தால் முடியாத காரியம் என்பதால், இருப்பதை நன்றாகப் பேணவே விரும்புகிறேன். ஒவ்வொரு முறையும் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ஓடாமல் வீட்டிலேயே பார்த்தறிய எவ்வகை ஸ்கானர் பொருத்தம்? கைபேசியுடன் இணைக்கும் சிறிய புளூடூத் கருவி போதுமா? அக்காவின் அக்வா ஹைபிரிட்டுக்கும் அதையே பாவிக்க முடிந்தால் நல்லது.

பதில் 1 (கிளிநொச்சி)

தம்பி, கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன், பி0171 என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். எஞ்சினுக்குள் செல்லும் கலவையில் காற்று கூடி, பெற்றோல் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள்; ஒட்சிசன் சென்சர் பழுது என்பதல்ல. பெரும்பாலும் அந்தச் சென்சர் உண்மையைத்தான் சொல்லியிருக்கும், அதையே கழற்றி எறிந்திருக்கிறார்கள். ஆகவே குறியீட்டை மட்டும் வாசித்து அழிக்கின்ற மலிவான ஸ்கானரை வாங்கினால், கராஜில் நடந்த அதே பிழையை நீங்கள் வீட்டில் இருந்தபடி செய்வீர்கள். எஞ்சின் ஓடும்போதே அளவீடுகளைக் காட்டும் லைவ் டேட்டாவும், குறியீடு பதிவான கணத்தில் வெப்பநிலை, சுற்று வேகம், சுமை ஆகியன எவ்வளவாக இருந்தன என்று சேமித்து வைத்திருக்கும் பிரீஸ் பிரேமும் உள்ள கருவியே வேண்டும். வாங்கும்போது இவை இரண்டையும் கடைக்காரரிடம் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

லைவ் டேட்டாவில் உங்களுக்கு வேண்டிய இலக்கம் லோங் டேர்ம் பியூவல் ட்ரிம். கலவை மெலிந்தால் எஞ்சின் கணினி தானாகவே பெற்றோலைக் கூட்டும். எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்பதை அந்த இலக்கம் காட்டும். பத்துச் சதவீதம் வரை கூடுவதும் குறைவதும் வழமையே. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், முதலில் ஐட்லிங்கிலும் (அக்சிலறேற்றரை மிதிக்காமல்), பிறகு நிமிடத்துக்கு 2500 சுற்றில் சற்று நேரம் பிடித்தும் பாருங்கள். ஐட்லிங்கில் மிக உயர்ந்திருந்து, சுற்றுக் கூடியதும் இறங்கினால், காற்றை அளக்கும் சென்சரைத் தாண்டிய இடத்தில் எங்கோ ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது என்று கொள்ளலாம். சுமை ஏற ஏற இலக்கமும் ஏறினால், அழுக்கேறிய காற்றுச் சென்சரையோ பெற்றோல் பம்பையோ சந்தேகிக்க வேண்டும்.

புளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை இ.எல்.எம்.327 எனும் சிப்பின் நகல்கள். அதை உருவாக்கிய கனேடிய நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது. 1.5 எனும் பதிப்பை அந்நிறுவனம் வெளியிட்டதே இல்லை. ஆனால் அவ்வாறு அச்சிட்ட பெட்டிகள் ஏராளம். நல்ல நகலாக அமைந்தால் உங்கள் வேலைக்குப் போதும், ஆனால் அமையும் என்று உறுதி கூற முடியாது. ஐபோன் வைத்திருந்தால் பழைய வகைப் புளூடூத் கருவி இணையாது. வைபை வகையோ புதிய குறைமின் புளூடூத் வகையோ தேவை. தனித் திரையுள்ள கைக்கருவிக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை, உங்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆயினும் சாதாரணக் கைக்கருவி எஞ்சினை மட்டுமே வாசிக்கும், ஏ.பி.எஸ். பிரேக், எயார்பாக் ஆகியவற்றையும் பார்க்க வேண்டுமானால் அவற்றை டொயோட்டாவுக்கு ஆதரிப்பதாகத் தெளிவாகக் குறிப்பிட்டதை எடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: பார்த்தவற்றைத் தாளில் எழுதும் வரை குறியீட்டை அழிக்க வேண்டாம். அழித்தால் பிரீஸ் பிரேமும் சேர்ந்தே போய்விடும்.

பதில் 2 (புதுக்குடியிருப்பு)

அக்வாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பொதுவான கைக்கருவி ஹைபிரிட் பற்றறியின் உள்ளே பார்க்காது. அதற்கு டொக்டர் பிரியஸ் அல்லது ஹைபிரிட் அசிஸ்டன்ட் செயலியும், நம்பத்தக்க புளூடூத் கருவியும் தேவை. பற்றறியின் பகுதிகளுக்கு இடையே வோல்ட் வேறுபாட்டை அவை தனித்தனியாகக் காட்டும். பி0ஏ80 என்ற குறியீடு வந்தால் பற்றறியை மாற்ற வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் முதலில் விசிறியைப் பாருங்கள். எங்கள் கிறவல் வீதிகளின் செம்மண் தூசு, பின்னிருக்கைப் பக்கத்திலுள்ள காற்று வாயின் வழியே சென்று குளிர்விக்கும் விசிறியில் அப்பிக்கொள்வதால் பற்றறி சூடேறிக் கெடுகிறது. என் வீட்டு அக்வாவின் விசிறியைக் கழற்றியபோது இறக்கைகளே தெரியாத அளவுக்குத் தூசு படிந்திருந்தது. விசிறியைத் துப்புரவாக்குவதை ஆண்டுக்கொரு கடமையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பற்றறி 144 வோல்ட் உடையது. செம்மஞ்சள் நிற வயர்களையும் பற்றறிப் பெட்டியையும் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது.

பதில் 3 (மாங்குளம்)

புளூடூத் கருவி வாங்கினால், வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்கானரைச் செருகும் ஓ.பி.டி. சொக்கெற்றின் 16ஆம் முனையில் சாவி இல்லாதபோதும் மின்சாரம் இருக்கும். சில வாரங்கள் நிற்கும் காரில் அதைச் செருகியே விட்டால் பற்றறி இறங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

கிளிநொச்சி அண்ணாவுக்கும் ஏனையோருக்கும் நன்றி. அயலவர் ஒருவரின் கைக்கருவியை இரவல் வாங்கி, நீங்கள் கூறியவாறே பார்த்தேன். ஐட்லிங்கில் கூட்டல் 23, 2500 சுற்றில் கூட்டல் 4. காற்று வடிகட்டிப் பெட்டியிலிருந்து திரொட்டிலுக்கு (எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) செல்லும் ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில், மடிப்பொன்றுக்குள், விரலளவு வெடிப்பு இருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இப்போதைக்கு ஒட்டும் ரேப் சுற்றியிருக்கிறேன், நடுக்கம் நின்றுவிட்டது. புதிய குழாய்க்கு வவுனியாவில் சொல்லியிருக்கிறேன். லைவ் டேட்டா உள்ள கைக்கருவியையே வாங்கப்போகிறேன். குறியீட்டை இன்னும் அழிக்கவில்லை, அழிக்க வேண்டுமா?

பதில் 1 (கிளிநொச்சி)

தேவையில்லை, தம்பி. குழாயை மாற்றிய பின் வழமைபோல் ஓடுங்கள். குறை இல்லாத மூன்று ஓட்டச் சுற்றுகள் (ஸ்ரார்ட் செய்து ஓடி நிறுத்துவது ஒரு சுற்று) தொடர்ந்து முடிந்தால் விளக்கு தானாகவே அணைந்துவிடும். அணைந்ததும் ட்ரிம் இலக்கத்தை மீண்டும் பார்த்து, இங்கே எழுதுங்கள்.