293318625600: ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண். இது பிழையா, இல்லையா?

குடந்தையான்:
1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் வந்த ராமானுஜன் கட்டுரையில், 6746328388800 வரைக்குமான உயர் பகு எண்களின் பட்டியல் இருக்கிறது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சுவதுதான் உயர் பகு எண். பட்டியலில் 293318625600 இல்லை. கும்பகோணத்தில் வளர்ந்தவர் என்பதற்காகப் பூசி மெழுக வேண்டாம், இது பிழை.

மாயவரத்தான்:
அவசரப்படாதீர்கள் சார். உங்கள் எண்ணின் பகாக் காரணிகள் 19-ஓடு நின்றுவிடுகின்றன. 23-ஐப் புதிதாகச் சேர்த்தால் காரணிகள் இரட்டிப்பாகும். பட்டியலில் இருக்கும் 321253732800-க்கு 5376 காரணிகள். அது இருக்க இது எதற்கு?

குடந்தையான்:
321253732800 பெரிய எண் ஐயா! போட்டி சிறியவற்றோடுதான். பிரித்துப் பாருங்கள்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2 = 5040.

இனி 23-க்கு வருவோம். 2 முதல் 23 வரையுள்ள ஒன்பது பகா எண்களின் பெருக்கல் 223092870. நம் எண்ணை இதனால் வகுத்தால் 1314 சொச்சம். அதற்குள்தான் மேற்கொண்டு பெருக்க இடம். 1080 போட்டால் 240940299600 வரும், காரணிகள் 4800. 1314-க்குள் வேறு எதைப் போட்டாலும் இதைத் தாண்டாது. உங்கள் 5376 வேண்டுமென்றால் 1440 போட வேண்டும், வரம்பு போச்சு.

ஐயாற்றான்:
23-ஐ மட்டும் பார்த்தால் ஆகுமா? 29-உம் வந்தால்?

குடந்தையான்:
29 வந்தால் 45 மடங்குக்குத்தான் இடம். 36 போட்டாலும் 4096-ஐத் தாண்டாது. 19-ஓடு நிற்கிற எண்களில், 2 முதல் 19 வரையுள்ள பகா எண்களின் பெருக்கலை 30240-க்குக் கீழான எண்ணால் பெருக்கலாம். 25200 போட்டால் 4608தான்.

மாயவரத்தான்:
சரி, உயர் பகு எண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டுரையின் தேற்றம் எதுவும் இதனால் விழவில்லையே. பகா எண் பெரிதாகப் பெரிதாக அதன் அடுக்கு ஏறக் கூடாது. 4, 36 தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1. இரண்டுக்கும் இந்த எண் கட்டுப்படுகிறது. இன்னொன்று: பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள், விடுபட்ட எண்ணேதான் வரும்! ஆகவே எழுதும்போது கை தவறியிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

குடந்தையான்:
கை தவறினாலும் பிழை பிழைதான். பட்டியலிலேயே இருக்கும் 146659312800-ஐ இரட்டித்தால் வருகிற எண் இது. இப்படி ஒன்றைச் சரிபார்ப்பில் பிடித்திருக்கலாம்.

ஐயாற்றான்:
நடுவில் ஒன்று. நம் பக்கத்து நில அளவையில் ஒரு வேலிக்கு 20 மா, அதாவது 2000 குழி. இதற்குக் காரணிகள் 20-தான், மூன்று பேருக்குப் பாகம் பிரித்தால் 2 குழி மிஞ்சும். 1680 குழி என்று வைத்திருந்தால் 40 காரணிகள். 7 பங்காளி வந்தாலும் சண்டை இல்லை. அது போகட்டும், ராமானுஜன் கட்டுரையின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் விடுபட்ட எண்ணை 240940299600-க்கும் 321253732800-க்கும் நடுவில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.