ரெண்டையும் விடாதே பாப்பா

குழு: மஞ்சக்குப்பம் வீடு

அம்மா, மாலை 6.40
மாமா, இன்னிக்கி கிரிக்கெட் பிராக்டீஸ்ல கோச் சார் பாப்பாகிட்ட பவுலிங்கை விட்டுடுன்னு சொல்லிட்டாராம். பேட்டிங் மட்டும் போதுமாம். வந்ததிலேருந்து வாயே திறக்கல. நீங்க கேட்டா சொல்லுவா.

பெரியப்பா, 6.44
ஏன் விடணுமாம் பாப்பா?

நான், 6.45
ரெண்டும் செஞ்சா ரெண்டும் அரைகுறையாதான் வருமாம் பெரியப்பா. மாவட்ட செலக்‌ஷனுக்கு பேட்டர்னு பேர் கொடுத்தா சுலபமாம். எனக்கு சுழல்பந்து, அதுவும் ஆஃப் ஸ்பின் போடறது ரொம்பப் பிடிக்கும்.

அப்பா, 6.49
சார் சொல்றதுல நியாயம் இருக்கு அண்ணே. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு ஆயிடக் கூடாது. அடுத்த வருஷம் பத்தாவது வேற.

பெரியப்பா, 6.52
தம்பி, 2025 நவம்பர் 2 ராத்திரி உன் வீட்டு டிவி முன்னாடிதானே எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண்கள் உலகக்கோப்பையில தொடர் நாயகி யாரு?

அண்ணன் (பெரியப்பா பையன்), 6.53
தீப்தி சர்மா. 215 ரன், 22 விக்கெட். ஒரே உலகக்கோப்பையில 200 ரன்னும் 20 விக்கெட்டும் அதுக்கு முன்னாடி யாருமே எடுத்ததில்ல சித்தப்பா, ஆம்பளைங்களையும் சேர்த்து.

அம்மா, 6.55
ஃபைனல்ல ஷஃபாலி வர்மாவுக்குதானே ஆட்ட நாயகி கொடுத்தாங்க?

பெரியப்பா, 6.58
ஆமாம்மா, 87 ரன் அடிச்சது அந்தப் பொண்ணு. ஆனா அதோட நிக்கலையே. தென்னாப்பிரிக்கா நல்லா போய்க்கிட்டிருந்தப்ப கேப்டன் ஹர்மன்ப்ரீத் அவ கையில பந்தைக் கொடுத்தாங்க. சுனே லூஸ், மாரிசான் காப், ரெண்டு பேரும் காலி. பேட்டிங்குக்குன்னே பேர் வாங்கின பொண்ணு அது. வலையில பந்து போட்டுப் பழகாம இருந்திருந்தா அன்னிக்கி கேப்டன் யார்கிட்ட போயிருப்பாங்க?

தாத்தா, 7.03
கண்ணு சாப்பிட்டியா. அழுதியா.

நான், 7.03
அழலை தாத்தா. சாப்பிட்டேன்.

பெரியப்பா, 7.12
தீப்தி கதையைக் கேளு பாப்பா. ஆக்ராவுல வளர்ந்த பொண்ணு. அண்ணன் சுமித் கிரிக்கெட் ஆடப் போனா கூடவே போய் ஓரமா உட்கார்ந்து பார்க்கும். ஒரு நாள் தன் பக்கம் வந்த பந்தை எடுத்து வீசிச்சு, நேரா ஸ்டம்ப்ல போய் விழுந்தது. அங்கே இருந்தவங்க ஹேமலதா காலா, இந்தியாவுக்கு ஆடினவங்க. இந்தப் பிள்ளையை விட்டுடாதீங்கன்னு அவங்க சொன்னதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது. முதல்ல மிதவேகப்பந்து போட்டுச்சு, அப்புறம்தான் ஆஃப் ஸ்பின். பேட் பிடிக்கிறது இடது கை, பந்து போடறது வலது கை. தங்கச்சிக்குக் கத்துக் கொடுக்கணும்னு அந்த அண்ணன் பார்த்த வேலையையே விட்டார். 2014ல 17 வயசுலயே இந்திய அணிக்கு வந்தாச்சு.

அண்ணன், 7.14
2016ல ராஞ்சியில இலங்கைக்கு எதிரா 20 ரன் கொடுத்து 6 விக்கெட். மறு வருஷமே அயர்லாந்துக்கு எதிரா தொடக்க ஆட்டக்காரரா இறங்கி 188. பூனம் ராவத்தோட சேர்ந்து 320 ரன். பெண்கள் ஒருநாள்ல 300ஐத் தாண்டின முதல் ஜோடி அதுதான்.

அப்பா, 7.18
எல்லாம் சரிடா. 188 அடிச்ச பொண்ணு இப்ப எத்தனாவதா இறங்குது? அஞ்சு, ஆறு, சில சமயம் ஏழு. பேட்டிங் ரொம்ப மெதுவுன்னு டி20ல எத்தனை பேர் திட்டறாங்க. பந்து போடாம பேட்டிங்லயே நின்னிருந்தா இன்னிக்கும் முதல் இடம்தான் இருந்திருக்கும். சாரும் அதைத்தானே சொல்றார்?

நான், 7.19
அப்பா கேக்கறது எனக்கும் தோணுச்சு பெரியப்பா.

பெரியப்பா, 7.27
நல்ல கேள்வி தம்பி. ரெண்டும் செய்யற ஆல்ரவுண்டருக்கு இருக்கிற பெரிய கஷ்டமே அதுதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். பேட்டர்னா இது என் இடம்னு கேட்டு வாங்கலாம். இவங்களை அணிக்கு எங்க ஓட்டையோ அங்க இறக்குவாங்க. ஒரு நாள் 30வது ஓவர்ல போய் நிக்கணும், இன்னொரு நாள் கடைசி மூணு ஓவர்ல போய் அடிக்கணும். ஆனா பத்து வருஷத்துக்கு மேல அணியை விட்டுப் போகாம நிக்கறது எதனால? ரன் வராத தொடர்ல விக்கெட் வரும். விக்கெட் வராத நாள்ல 40 ரன் வரும். பேட்டிங் மட்டும் ஆடறவங்க நாலு மேட்ச் சொதப்பினா அஞ்சாவதுல வெளியதான் உட்காரணும்.

அத்தை, 7.31
இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். பாப்பா, நான் உனக்கு ஸ்கோர் சொல்லப் போறதில்ல. ரெண்டு மேட்ச் சொல்றேன்.

அத்தை, 7.38
2022 மார்ச், கிறைஸ்ட்சர்ச். உலகக்கோப்பை லீக்ல கடைசி ஆட்டம், தென்னாப்பிரிக்காவோட. ஜெயிச்சாதான் அரையிறுதி. கடைசி ஓவர் தீப்தி கையில. கடைசிக்கு முந்தின பந்துல மிக்னான் டு ப்ரீஸ் தூக்கி அடிச்சாங்க, ஹர்மன்ப்ரீத் கேட்ச் பிடிச்சாச்சு. நம்ம ஆளுங்க குதிக்கறாங்க. பார்த்தா நோ பால், அவுட் செல்லாது. கடைசிப் பந்துல அவங்க ஜெயிச்சுட்டாங்க, நாம வீட்டுக்கு வந்தோம்.

அத்தை, 7.43
2025, நவி மும்பை, அதே தென்னாப்பிரிக்கா. தீப்தி முதல்ல 58 ரன் எடுத்தாங்க. அப்புறம் பந்து. அவங்க கேப்டன் வோல்வார்ட் 101ல நின்னு மேட்ச்சைத் தூக்கிட்டுப் போயிட்டிருந்தாங்க. அமன்ஜோத் கையில பந்து துள்ளித் துள்ளி எப்படியோ தங்கிச்சே, அந்த கேட்ச் தீப்தி பந்துலதான். கடைசி விக்கெட் நடீன் டி கிளர்க். பந்து தீப்தி, கேட்ச் ஹர்மன்ப்ரீத். அந்த நோ பால்ல இருந்த அதே ரெண்டு பேர். தீப்திக்கு அன்னிக்கி 39 ரன்னுக்கு 5 விக்கெட். நடுவுல மூணரை வருஷம் இருக்கு பாப்பா. அந்த நோ பாலுக்கு அப்புறம் பேட்டிங் மட்டும் போதும்னு அவங்க ஒதுங்கியிருந்தா யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. ஒதுங்கல.

அம்மா, 7.45
அண்ணி, படிக்கும்போதே உடம்பு சிலிர்க்குது.

அண்ணன், 7.47
அதே உலகக்கோப்பையில இந்தூர்ல இங்கிலாந்தோட ஒரு மேட்ச் அத்தை. 4 விக்கெட் எடுத்து 50 ரன்னும் அடிச்சாங்க. 4 ரன்ல தோத்தோம். தொடர்ச்சியா மூணாவது தோல்வி. அன்னிக்கி ராத்திரி என்னால தூங்க முடியல.

அத்தை, 7.49
நானும் பார்த்தேன்டா. ரெண்டையும் நல்லா செஞ்சும் தோக்கற நாள் வரும். பாப்பா அதையும் தெரிஞ்சுக்கணும்.

அப்பா, 7.55
அக்கா, ஆட்டம் பத்தி ஒத்துக்கறேன். பொழப்பைச் சொல்லு. நீ சிதம்பரத்துல படிக்கும்போது ஆடினவதானே. என்ன கிடைச்சது?

அத்தை, 8.02
ஒண்ணும் கிடைக்கலடா தம்பி. டிகிரி முடிஞ்சதும் போய் ஆடறதுக்கு எங்களுக்கு இடமே இல்ல. அப்ப பெண்கள் கிரிக்கெட்டை நடத்தினது தனிச் சங்கம், கையில காசு கிடையாது. பெரிய பெரிய வீராங்கனைங்களே ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில போனாங்க. 2005 உலகக்கோப்பையில ஃபைனல் வரைக்கும் போனவங்களுக்கு ஒரு மேட்ச்சுக்கு ஆயிரம் ரூபாய்தான் கிடைச்சதுன்னு மிதாலி ராஜே சொல்லியிருக்காங்க. 2006லதான் இந்திய கிரிக்கெட் வாரியம் பி.சி.சி.ஐ. அதை எடுத்துக்கிச்சு. அதனாலதான் சொல்றேன், இன்னிக்கி இருக்கிற வழியை நாமளே பாதியா வெட்டிடக் கூடாது.

அண்ணன், 8.09
சித்தப்பா, கணக்கை நான் சொல்றேன். 2022 அக்டோபர்ல அறிவிச்சதுலேருந்து இந்தியாவுக்கு ஆடற பெண்களுக்கும் ஆண்களுக்கும் மேட்ச் சம்பளம் ஒண்ணுதான். டெஸ்ட் 15 லட்சம், ஒருநாள் 6 லட்சம், டி20 3 லட்சம். டபிள்யூ.பி.எல்., அதான் பெண்கள் பிரீமியர் லீக், முதல் ஏலத்துல தீப்தியை உ.பி. வாரியர்ஸ் 2.6 கோடிக்கு எடுத்தது. 2025 நவம்பர் ஏலத்துல திரும்பவும் அவங்களே 3.2 கோடிக்கு. உ.பி. போலீஸ்ல டி.எஸ்.பி. பதவியும் இருக்கு.

அப்பா, 8.11
அது உச்சியில இருக்கிற நாலு பேருக்குடா. மாநில அணியோட நின்னுட்டா?

அண்ணன், 8.14
நியாயமான கேள்வி. உள்நாட்டு சீனியர் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 20,000 இருந்ததை 2025 டிசம்பர்ல 50,000 ஆக்கினாங்க, ஆடற பதினொரு பேருக்கு. டி20க்கு அதுல பாதி. வருஷத்துக்கு எத்தனை நாள் ஆட்டம் கிடைக்குதுங்கறதைப் பொறுத்தது. அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. அதனாலதான் நிறையப் பேர் ரயில்வே வேலைக்குப் போறாங்க. அதுக்குப் படிப்பும் வேணும், ஸ்போர்ட்ஸ் சான்றிதழும் வேணும்.

அம்மா, 8.16
பாப்பா, படிப்பும் வேணும்னு அண்ணன் சொல்லியிருக்கான். கவனிச்சியா.

நான், 8.16
பார்த்தேன்மா 🙏

தாத்தா, 8.20
நம்ம பக்கத்துப் பிள்ளைங்க யாரும் போகலையா.

பெரியப்பா, 8.28
போயிருக்காங்கப்பா. சென்னைப் பொண்ணு நிரஞ்சனா நாகராஜன், வேகப்பந்து ஆல்ரவுண்டர். 2014ல இங்கிலாந்து வோர்ம்ஸ்லியில முதல் டெஸ்ட், 19 ரன்னுக்கு 4 விக்கெட், இந்தியா ஜெயிச்சது. ஹேமலதா தயாளன், அவங்களும் சென்னை, அடிச்சு ஆடுவாங்க, பாப்பா மாதிரியே ஆஃப் ஸ்பின். பதினெட்டு வயசுக்கு அப்புறம்தான் முறையா கிரிக்கெட் ஆட வந்தாங்க, 2018ல இந்திய அணி. மதுரைப் பொண்ணு கமலினியை 16 வயசுலயே டபிள்யூ.பி.எல்.ல மும்பை அணி 1.6 கோடிக்கு எடுத்தது. அது விக்கெட் கீப்பர். கீப்பிங்கோட பேட்டிங், அதுவும் ரெண்டு வேலைதான்.

அண்ணன், 8.31
எலிஸ் பெர்ரியை விட்டுட்டீங்கப்பா. 16 வயசுல ஆஸ்திரேலியாவுக்கு கிரிக்கெட்டும் ஆடினாங்க, கால்பந்தும் ஆடினாங்க. 2011 கால்பந்து உலகக்கோப்பையில கோல் போட்டாங்க. இங்கிலாந்தோட ஆஷஸ் டெஸ்ட்ல ஆட்டமிழக்காம 213, ஒருநாள்ல 22 ரன்னுக்கு 7 விக்கெட்.

அப்பா, 8.36
அண்ணே, புதுச்சேரிக்குன்னு தனி அணி இருக்குதே, உங்க வீட்டு முகவரியில அங்கே சேர்த்தா சுலபமா?

பெரியப்பா, 8.41
வேணாம் தம்பி. 2018லேருந்து புதுச்சேரி தனியா ஆடுது, உண்மைதான். ஆனா பாப்பா பொறந்தது, படிக்கறது எல்லாம் கடலூர். யாருக்கு ஆடறதுன்னு விதி இருக்கு, நாளைக்கு அதுல சிக்கல் வந்தா பிள்ளைதான் அழும். தமிழ்நாட்டு மாவட்ட செலக்‌ஷனுக்கே போகட்டும். புதுச்சேரி துத்திப்பட்டு மைதானத்துல பெண்கள் மேட்ச் நடந்தா நான் கூட்டிட்டுப் போய் காட்டறேன்.

அம்மா, 8.44
எனக்கு ஒரே பயம் உடம்பு. ரெண்டு மணி நேரம் பந்து போட்டுட்டு உடனே பேட் பிடிக்கறா. தோள் வலிக்குதுன்னு ஒத்தடம் கொடுத்திருக்கேன்.

அத்தை, 8.50
அது கவனிக்க வேண்டியதுதான். வேகப்பந்தா இருந்தா முதுகை நினைச்சு நானே யோசிப்பேன். ஆஃப் ஸ்பின் அவ்வளவு மோசமில்ல, ஆனா ரெண்டு மணி நேரம் இந்த வயசுக்கு ஜாஸ்தி. ஆறு ஓவர் கணக்கா போடட்டும், ஒவ்வொரு பந்தும் எங்க விழணும்னு நினைச்சுப் போடட்டும். கொஞ்சம் உட்கார்ந்துட்டு பேட்டிங். வலி இருந்தா அன்னிக்கி பந்து கிடையாது. பாப்பா, மறைக்காம சொல்லணும், சரியா?

நான், 8.51
சரி அத்தை. சார்கிட்ட யார் பேசுவா?

பெரியப்பா, 8.55
நானும் அத்தையும் சனிக்கிழமை காலையில வர்றோம். சண்டை போட வரல. பிள்ளைங்க மேல அக்கறை உள்ள மனுஷன்தான் அவர். ஒரு வருஷம் ரெண்டும் செய்யட்டும், அப்புறமும் ரெண்டும் அரைகுறையா இருந்தா பேசிக்கலாம்னு கேட்போம். தம்பி, உனக்கு சம்மதமா?

அப்பா, 9.02
ஒரு வருஷம்னா சரி அண்ணே. பத்தாவது பரீட்சைக்கு முந்தின மாசங்கள்ல பிராக்டீஸைக் குறைக்கணும், அதுல நான் மாற மாட்டேன்.

நான், 9.02
சரிப்பா!! ❤️❤️

அண்ணன், 9.06
சித்தப்பா, செலக்‌ஷனுக்கு முன்னாடி பாப்பாவோட பிறப்புச் சான்றிதழ்ல பேர் எழுத்துப் பிழை இல்லாம இருக்கான்னு பாருங்க. பள்ளிக்கூடச் சான்றிதழ், ஆதார் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். 15 வயசுக்கு உட்பட்ட பெண்களுக்கு எலும்பு எக்ஸ்ரே எடுத்தும் வயசு பார்ப்பாங்க.

அப்பா, 9.10
ஆதார்ல இனிஷியல் வேற மாதிரி இருக்கு. திங்கட்கிழமை போய் மாத்திடறேன்.