ஹென்றி இர்விங்கின் லைசியம் கணக்கு: உதவி தேவை

ஒரு கட்டுரை பாதியில் நிற்கிறது. நடிகர் ஹென்றி இர்விங் 1878-இல் லண்டன் லைசியம் அரங்கை ஏற்று நடத்தினார். 1895-இல் சர் பட்டம் பெற்ற முதல் நடிகரும் அவர்தான். அப்புறம் 1898-இல் கிடங்கில் தீப்பிடித்து காட்சித் திரைகள் எரிந்தன. அடுத்த ஆண்டே அரங்கம் ஒரு கம்பெனி கைக்குப் போனது. தீ மட்டுமே காரணம் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. மேடை அலங்காரத்துக்குக் காசைத் தண்ணீராக இறைத்த மனிதர்!

மேலாளர் பிராம் ஸ்டோக்கர் (ஆமாம், டிராகுலா எழுதியவரேதான்) 1906-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளைப் படித்துவிட்டேன். பேரன் லாரன்ஸ் இர்விங் எழுதிய வாழ்க்கை வரலாற்றையும் பார்த்தாயிற்று. இரண்டிலும் பாசம் கொஞ்சம் தூக்கல். எங்கள் ஊர் நூலகத்தில் வேறு எதுவும் இல்லை.

லைசியத்தின் வரவு செலவை நாடகவாரியாக, வெளியாள் ஒருவர் அலசிய நூல் எது?