லிபெட் சோதனை நம் சுதந்திர விருப்பத்தைப் பொய்யாக்கிவிட்டதா?

கேள்வி: 1983இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் பெஞ்சமின் லிபெட் செய்த சோதனைப்படி, கையை அசைக்க நினைக்கும் முன்பே மூளை அதற்கான வேலையைத் தொடங்கிவிடுகிறதாமே. அப்படியென்றால் முடிவு நம்முடையது இல்லையா?

பதில் 1: அளந்த விதத்தைப் பாருங்கள். கடிகார முகப்பு போன்ற ஒன்றில் 2.56 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றும் புள்ளி. அசைக்கத் தோன்றியபோது அது எங்கே இருந்தது என்று ஆளே சொல்ல வேண்டும். மூளை அலை அசைவுக்குச் சுமார் 550 மில்லிவிநாடி முன்பு, எண்ணம் 200 முன்பு. அந்த 200இல் பிழை நுழைய நிறைய இடமுண்டு.

பதில் 2: அதைவிடப் பெரிய சிக்கல் சராசரியில்தான். ஒரு முறை மட்டும் அளந்தால் அந்த அலை மூளையின் மற்ற மின் இரைச்சலில் மறைந்துவிடும். அதனால் சுமார் 40 முறை அளந்து, அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கிக் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். அசையாத நேரம் கணக்கிலேயே வராது. தானாக ஏறி இறங்கும் இரைச்சல் ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது என்று வைத்தாலும், சராசரியில் இதே ஏறுமுகம் கிடைக்கும் என்று 2012இல் நரம்பியல் ஆய்வாளர் ஆரோன் ஷர்கர் குழு காட்டியது.

பதில் 3: லிபெட்டே விருப்பத்தை மறுக்கவில்லை. கடைசி நொடியில் தடுக்க முடியும் என்றார். காரணமே இல்லாத கையசைவை வைத்து, மாதக்கணக்கில் யோசித்து எடுக்கும் முடிவை எடைபோட முடியாதுங்க.