நுளம்புக்கு மருந்து பழகியதா?

கனகராயன்:
கூர்ப்புக்கு, அதாவது உயிரினங்களின் பரிணாமத்துக்கு, சான்றாக நுளம்பைக் காட்டுகிறார்கள். மலேரியாவுக்காக வீட்டுச் சுவரெல்லாம் டிடிடி என்ற பூச்சிமருந்து அடித்தார்கள். 1963இல் இலங்கை முழுவதும் 17 பேருக்குத்தான் காய்ச்சல் கண்டது. பிறகு நுளம்புக்கு மருந்து பழகிவிட்டது, வன்னி மறுபடியும் நடுங்கியது. பழக்கத்துக்கு ஏன் இத்தனை பெரிய பெயர்?

ஆனைவிழுந்தான்:
தம்பி, காய்ச்சல் திரும்பியதற்கு முதல் காரணம், வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பைக் கைவிட்டது. எதிர்ப்புள்ள நுளம்பு கண்டறியப்பட்டது 1969இல். அதுவும் பழகியதால் வந்ததல்ல. மருந்துச் சுவரில் உட்கார்ந்த நுளம்பு பழகாது, செத்துவிழும். மருந்தைச் சிதைக்கும் திறனோடு பிறந்த சில தப்பி முட்டையிட்டன. அந்தத் திறனைத் தரும் பரம்பரையலகு (மரபணு) குஞ்சுகளுக்குப் போனது. நுளம்புக்குத் தலைமுறை சில வாரம்தான். நாற்பது வருடம் வகுப்பில் கத்தியும் இந்தப் ‘பழகியது’ மட்டும் ஒழியவில்லை.

கனகராயன்:
இருக்கட்டும் மாஸ்டர். நுளம்பு நுளம்பாகத்தானே இருக்கிறது, இலையானாகவில்லையே?

வயற்கரை:
அண்ணை, ஒருநாள் எங்கள் வயலுக்கு வந்து களை பிடுங்கிப் பாருங்கள். நெல்லைப் போலவே நிற்கும் புல் ஒன்று இருக்கிறது. இருபது வருடம் பழகிய என் கையே ஏமாறும். இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பார்ப்பேன். நெல்லுக்கு அங்கே மெல்லிய வெள்ளை நாக்கு இருக்கும், புல்லுக்கு வெறுமை. புல்லாகத் தெரிந்ததை எல்லாம் காலங்காலமாகப் பிடுங்கி எறிந்தார்கள்; நெல்லாகத் தெரிந்தது தப்பி விதை சிந்தியது. அந்தப் புல்லை நெல்லைப் போல ஆக்கியது களை பிடுங்கியவர்களின் கண்தான். வவிலோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானியின் பெயரால் இந்தப் போலித்தோற்றத்தைக் குறிப்பிடுகிறார்கள். எங்களுக்கு அது இடுப்பு வலி.

கனகராயன்:
அதுவும் புல்தான்.

ஆனைவிழுந்தான்:
புல் இலையானாக வேண்டும் என்று டார்வின் எங்கும் சொல்லவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுச்சேவலைப் பார்த்திருப்பீர். சிவந்த கொண்டை நடுவே மஞ்சள். அந்த இனம் இலங்கையில் மட்டும்தான். தென்னிந்தியக் காட்டில் வாழும் அதன் நெருங்கிய உறவு சாம்பல் நிறம். ஒரே மூதாதையின் இரு கிளைகள் அவை.

கனகராயன்:
காட்டுச்சேவல் எங்கள் வீட்டுப் பேட்டோடு சேர்ந்து குஞ்சு வந்திருக்கிறதே! அப்படியானால் இரண்டும் ஒரே இனமா?

ஆனைவிழுந்தான்:
நல்ல கேள்வி. பிரிந்துபோகும் இனங்களுக்கு நடுவே வேலி ஒரே நாளில் எழும்பாது. இடையில் நுழைந்து போகப் பொட்டுகள் இருக்கும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட்டனவா?

கனகராயன்:
இரண்டைக் கீரி கொண்டுபோனது. மூன்றாவது இன்னும் இடவில்லை. இட்டால் எழுதுகிறேன்.